அணையக் கூடாத அடுப்பு

மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். முதலில் நான் பார்த்தது அப்பாவின் கை. வானொலிச் சத்தத்தைக் கூட்டப் போன கை பாதியில் நின்றிருந்தது. அன்று அதிகாலை பீகாரில் பெரிய நிலநடுக்கம் என்றார் செய்தி வாசித்தவர். தர்பங்கா என்ற பெயரும் வந்தது. அண்ணன் கடல் கடந்து போய் அங்கேதான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். 1988 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொலைபேசி ஆபீசில் மட்டும் இருந்தது. மறுநாள் காலை ஆபீஸ் கணக்கரான கிராணி இந்தியாவுக்கு டிரங்க் கால் பதிந்தார், தந்தியும் அனுப்பினார். கால் கிடைக்கவில்லை. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறும் சாலையில் மண் சரிந்திருந்ததால் நாளிதழும் மேலே வரவில்லை.

அன்று பகல் அடுத்த வீட்டுச் சின்னம்மா மூடிய சட்டியோடு வாசலில் நின்றார்.

“யக்கா, பச்சத் தண்ணிகூட குடிக்காம எத்தன நேரம் கெடப்பீங்க? சோறும் பருப்பும்தான் லா.”

அம்மா சட்டியைத் தொடவில்லை. “எங்க வீட்ல யாரு செத்தா? கொண்டு போயிடு.”

தொழிலாளர் வீடுகளின் வரிசையான எங்கள் லயத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அடுத்த வீட்டார்தான் பருப்பும் சோறும் ஆக்கிக் கொடுப்பார்கள். சின்னம்மாவுக்கு அது பாதி வழியில்கூட நினைவுக்கு வரவில்லை.

அம்மா உடனே அடுப்பை மூட்டினார். அதன் பிறகு அணைய விடவில்லை. சமைக்க ஒன்றும் இல்லாதபோது வெந்நீர் கொதித்தது. அவர் கொழுந்து பறிக்கப் போகவில்லை. அடுப்பைக் காக்க என்னையும் வெளியே விடவில்லை. விறகுக்கு வைத்திருந்த, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் மழையில் நனைந்திருந்தன. குளிருக்கு ஜன்னலை அடைத்திருந்தோம். புகை போக வழியில்லை.

“டாக்டருக்குப் படிக்கப் போனவன் வர்றதுக்குள்ள நம்ம மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம் லா” என்றார் அப்பா, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் எங்கள் கூரையைப் பார்த்தார்கள். புகை தெரிந்தால் சாவுச் செய்தி இல்லை என்று தங்கள் வழியில் நடந்தார்கள். புதன்கிழமை விறகு தீர்ந்தது. அப்பா கோழிக்கூண்டை உடைத்துக் கொடுத்தார். கோழிகள் எங்களோடு உள்ளே வந்து இருமின.

வியாழன் பிற்பகல் மூன்று இருபது. தந்தி வந்தால் லோரி டிரைவரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். கிராணி தானே நடந்து வருவதை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார், அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டார்.

வளைவிலிருந்தே கிராணி அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினார். “கங்காணி! பையன் நல்லாருக்கான்யா! நல்லாருக்கான்!”

தந்தியில் இரண்டே செய்தி: நலம், கடிதம் வருகிறது. அப்பா அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

அம்மா எரிந்துகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். பிறகு பலகைச் சுவரைத் தட்டினார்.

“ஏய், இன்னிக்கி என்ன ஆக்குன?”

“ஏன்?” என்றது சின்னம்மாவின் குரல். “உங்க வீட்ல யாரு செத்தா?”

அன்று எங்கள் வீட்டில் சமைக்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன.