அப்பா வைத்த சந்தனம்

மங்கிப்போன கார் மீட்டர் பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தெளியவைக்கும் மலையாளி ஒருவர் கரமனையில் இருந்தார். குனிந்து வேலை செய்யும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். கழுத்துச் சிலுவை ஸ்டியரிங்கில் தட்டும்.

இறந்துபோன அப்பாவின் காரை விற்பதற்கு முன் அவரிடம் கொண்டுபோனேன். அப்பா தினமும் மீட்டர் மேல் கோயில் சந்தனம் வைப்பார். முந்தின நாள் காய்ந்ததை வெறுந்துணியால் தேய்த்தெடுப்பார். அப்படித்தான் அது கீறி மங்கியது. அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இடுக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்து இலைத் துண்டில் சேர்த்தார்.

"அழுக்கை எதுக்கு எடுத்து வைக்கிறீங்க?"

"சாரே, அப்பா வச்சதுன்னு நீங்கதானே பறஞ்சீங்க?"

பிளாஸ்டிக் பளிச்சென்று தெளிந்தது. மடித்த இலையை என் கையில் கொடுத்தார்.

கார் போய்விட்டது. அந்த மடிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. தூக்கியெறியக் கை வரவில்லை. நெற்றியில் வைக்கவும் கூசுகிறது.