இடது வேலிக்குப் பின்னால் ஒரு மேடு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் இந்த ஊரில் புதிதாகக் கட்டிய பேஸ்போல் மைதானத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவ்வளவு வடிவு. பழைய ஆலை ஒன்று இருந்த நிலம். அதன் செங்கல் சுவரை இடிக்காமல் விட்டு, அதையே நுழைவாயிலாக்கியிருந்தார்கள். பந்தை அடிப்பவர் நிற்கும் மூலைக்குப் பின்னால் வளைந்த கூரையோடு இருக்கைகள். கூரையிலிருந்து இறங்கும் வலை இருப்பதே தெரியாது, அவ்வளவு மெல்லியது. ஆட்டக்காரர்களின் வாங்குகளைப் பாதி நிலத்துக்குள் இறக்கியிருந்தார்கள், பின்னால் இருப்பவரை மறைக்கக் கூடாதென்று. சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம், அது முடியும் இடத்தில் மேடை, மேடைக்குக் கண்ணாடித் தடுப்பு. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சாய்தளத்தைப் பார்த்தாலே தள்ளுகிறவளின் இடுப்பு நாரி முறியுமா முறியாதா என்று சொல்லிவிடுவேன். அது நல்ல சாய்தளம்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, கோயிலையும் வைத்தியரையும் தவிர நாங்கள் போன முதல் இடம் அதுதான். மகள் இளையோர் அணியில் பந்து எறிபவள். அவள் எறிவதை அப்பா பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போவோம். கோயில் பூசை முடிந்த கையோடு என் அண்ணன் குடும்பம், கணவரின் தங்கை குடும்பம், ஒரு பெட்டி ரோல்ஸ், தேத்தண்ணிப் போத்தல்கள் எல்லாம் வந்து இறங்கின. வாசலில் நின்ற பெண் பணிவாகத்தான் சொன்னாள்: மேடையில் நாற்காலிக்காரரோடு ஒரு துணை மட்டும், மற்றவர்கள் கீழே, அந்தப் பக்கம். கீழே எங்கள் சனம் கத்துகிறது, சிரிக்கிறது, ரோல்ஸ் சாப்பிடுகிறது. மேலே நாங்கள் இருவரும் கண்ணாடிக்குப் பின்னால். இடையிடையே எல்லாரும் திரும்பி எங்களுக்குக் கை காட்டினார்கள். அதுதான் அவரைச் சுட்டது.

"என்னை என்ன, கண்காட்சியிலயோ வைச்சிருக்கிறீர்?" என்றார் வீட்டுக்கு வரும் வழியில். "நான் இனி வரேல்லை."

சொன்னபடியே அடுத்த போட்டிக்கு வரவில்லை. மகள் முதல் பந்தை எறிவதற்கு முன் மேடையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. இந்த மனிசன் இங்கே வந்தே தீர வேண்டும், வந்து எங்கள் சனத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான். பிறகு என்னை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

டெர்மின், அதாவது சந்திக்க நாளும் நேரமும், எடுத்து, மைதானத்தை வரைந்த கட்டடக் கலைஞரை அங்கேயே சந்தித்தேன். தன்மையான ஆள். நாற்காலிக்கு ஒரு துணை என்பதுதான் விதி என்றார்.

"எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் எங்கேயும் போனதில்லை," என்றேன்.

இருக்கைகளைக் கழற்றலாமா? கழற்றலாம், ஆனால் தீயணைப்புப் பிரிவு விடாது. நடைபாதையில் இருக்கலாமா? அது அவசர வழி. அந்த மனிதர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல நான் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டேயிருந்தேன். அவரும் பின்னால் வந்தார். இடது பக்க வேலிக்குப் பின்னால் ஒரு புல் மேடு இருந்தது. இருக்கைகள் இல்லை. சனம் விரிப்பைப் போட்டு எப்படியும் இருக்கலாம்.

"இங்கே?" என்றேன்.

"இங்கே பாதை இல்லை. அதற்கு நகரசபையிடம் பணமும் இல்லை."

"நாங்கள் போட்டால்?"

அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தோள்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார்.

இங்கே விளையாட்டுக் கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் எல்லாரும் வந்து மைதானத்தில் வேலை செய்ய வேண்டும். வேலிக்குப் பூச்சு அடிப்பார்கள், புல் பிடுங்குவார்கள், கேக் சாப்பிடுவார்கள். அனுமதி கிடைத்த அந்த வசந்தத்தில் எங்கள் சனம் முழுக்க வந்தது. அண்ணன் தோட்டப் பாதைகளுக்குக் கல் பதிக்கிற நிறுவனத்தில் வேலை செய்பவர். கட்டடக் கலைஞர் வரைந்து தந்த சரிவு ஒரு விரற்கடை பிசகாமல், மேட்டைச் சுற்றி வளைந்து ஏறும் பாதையும் உச்சியில் ஒரு சமதளமும் போட்டு முடித்தோம். நாரி முறிந்தது எனக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடம் வாறீங்களா என்று கேட்கவில்லை. அவருடைய சேர்ட்டை எடுத்து அவருக்கு மாட்டினேன்.

"எங்க?" என்றார்.

"மட்சுக்கு. பேசாமல் கையை நீட்டுங்கோ."

மேட்டில் விரிப்புகள், பிள்ளைகள், ரோல்ஸ், நடுவில் அவர். யாரும் யாருக்கும் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. மகள் எறிந்தாள். எதிரணியின் நெட்டைப் பொடியன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து எழும்பி, வேலியைத் தாண்டி, நேரே எங்களிடம் வந்தது. அண்ணன் எங்கள் சொந்த ஊரில் கிரிக்கெட் விளையாடிய ஆள். கையில் இருந்த ரோல்ஸைப் போட்டுவிட்டு, பின்னால் ஓடி, வெறுங்கையால் பந்தைப் பிடித்தார். எங்கள் சனம் முழுக்க எழும்பி நின்று "அவுட்!" என்று கத்தியது. கைதட்டு என்றால் அப்படியொரு கைதட்டு.

அடித்த பொடியனோ அவசரமே இல்லாமல் ஆறுதலாக மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். மகள் இடுப்பில் கையை வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை," என்றார் என் கணவர், "வேலிக்கு வெளியால பிடிச்சால் அவுட் இல்லை. அவைக்குத்தான் ஓட்டம்." சொல்லிவிட்டு, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் மகள் மேட்டுக்கு ஏறி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு அடிச்ச அடிக்கு ஆர் கை தட்டினது?"

அண்ணன் விரிப்பை மடிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் தேத்தண்ணிப் போத்தல்களைப் பொறுக்கினார்கள்.

"நான்தான்," என்றார் அவள் அப்பா.

அவள் அவருடைய மடியில் அசையாமல் கிடந்த இடது கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லாதேங்கோ, அப்பா."

"சரி," என்றார். "வாற ஞாயிறு சரியான நேரத்தில தட்டுறன்."