ஓட்டு இல்லாத அப்பாவின் அரசியல்

அப்பா வாசிக்கும் பத்திரிகையில் எப்போதும் புகைவாசம் அடிக்கும். ரப்பர்க் கட்டை எரியும் புகையும் புளித்த ரப்பர்ப் பாலின் நெடியும் கலந்த வாசம் அது. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர்ச் சீட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைப்பது அவருக்கு வேலை. அடுப்புக்குக் கட்டை தள்ளிவிட்டு அடுத்த கட்டை தள்ளும்வரை கிடைக்கும் நேரத்தில், பெடாஸிலிருந்து சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் கூடைக்குள் செருகிக் கொண்டுவந்து தரும் இரண்டு நாள் பழைய தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். புகையில் சிவந்துபோன கண்களைத் தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துத் துடைத்துப் படிப்பார்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். அதன்பின் வெளியே தலை தெரிந்தால் சுடவும் செய்யலாம் என்பது சட்டம். காலையில் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும் பெண்களை வாசலில் நிறுத்தி, மடியைத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். ஒரு பிடிச் சோறுகூட வெளியே போக முடியாது. விடியுமுன் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிற அம்மா, பால் நிறுத்து முடித்துத் திரும்பும் பகல்வரைக்கும் பட்டினிதான். ஒருமுறை காய்ச்சலோடு போனவள், ஒரு பாட்டிலில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற காவலாளி அதைக் கண்டுபிடித்து அவள் கண் முன்னாலேயே மண்ணில் கவிழ்த்தான். நான் அப்போது வேலிக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். அம்மா காலியான பாட்டிலை வாங்கி என்னிடம் கொடுத்து, "கழுவி வையி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த வருஷம் நாட்டில் தேர்தல் வந்தது. வெள்ளைக்காரன் போகப்போகிறான், நம்மவர்கள் ஆளப்போகிறார்கள் என்று பத்திரிகை எழுதியது. அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நாலு மணிக்குமேல் புகைக்கூடத்தின் முன்னால் ஆண்கள் வந்து குந்திக்கொள்வார்கள். அவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். வாசிப்பது கால்வாசி, மீதி அவருடைய சொந்த அபிப்பிராயம். எந்தக் கட்சிக்காரன் எங்கே தப்புப் பண்ணினான், யார் கூட்டுச் சேர்ந்தது எதற்காக, தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜா உரிமையை யார் மனதாரக் கொடுப்பார்கள், யார் உதட்டால் கொடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். 'பேப்பர் மாணிக்கம்' என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர். தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அந்தப் பக்கம் போகும்போது, "மாணிக்கம், மெதுவாப் பேசு. மாத்தா காதுல விழுந்தா ஒன்னத் தூக்கிட்டுப் போயிருவான்லா" என்று எச்சரிப்பார். போலீஸை அப்போது நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். "பேப்பர்ல அச்சடிச்சதத்தான சார் படிக்கறேன்" என்பார் அப்பா.

இவ்வளவு பேசும் அப்பாவுக்கு ஓட்டு இல்லை. அவர் சிறு பையனாக இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவர். எப்போது வந்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இது அவருக்குத் தெரியும். கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நிலைமையும் அதுதான். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேட்பாளருடைய ஆட்கள் போலீஸ் ஜீப் முன்னால் வர, காரில் வந்து இறங்கினார்கள். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் திடலில், கூட்டம் கூடியது. சிரம்பானிலிருந்து வந்த ஒருவர் நல்ல தமிழில் பேசினார். முடித்ததும், "யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார். அப்பா எழுந்தார். அந்தக் கேள்விக்காகப் பல நாட்கள் தயார் பண்ணியிருந்தார் என்பது எனக்குத் தெரியும்; கட்டை தள்ளும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஐயா, பிரஜா உரிமைச் சட்டத்துல..." என்று தொடங்கினார்.

சிரம்பான்காரர் இடைமறித்தார். குரலில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நேரமாகிவிட்ட அவசரம் மட்டும்தான். "அண்ணே, உங்களுக்கு ஓட்டு இருக்கா?"

எங்கிருந்தோ ஒருவன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தார்கள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து அந்த ஆள் ஒரு தாளைப் பிரித்து, எங்கள் தோட்டத்தில் ஓட்டு உள்ளவர்களின் பெயர்களை வாசித்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள். அவற்றில் ஒன்று அஞ்சலை.

அஞ்சலை என் அம்மா. அவள் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவளைப் பெற்றவளும் இந்த நாட்டிலேயே பிறந்தவள். ஆபீசில் கிராணி நீட்டிய ஓட்டுப் பதிவுக் காகிதத்தில், வேலிக்காக அடிக்கடி வாங்கும் கைநாட்டுகளில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கட்டைவிரலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அப்பா பத்திரிகையைத் தொடவில்லை. ரொட்டிக்காரர் கொடுப்பதை வாங்கிக் கட்டைக் குவியலின்மேல் போட்டுவிடுவார். மாலையில் வந்தவர்கள் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு எழுந்து போனார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்பதுபோல் வெற்றிலை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார், பேசவில்லை. வீட்டிலும் பேச்சில்லை. குழம்பில் உப்பு இல்லாத அன்றுகூட அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அம்மா புகைக்கூடத்துக்கு வந்தாள். அதுவரை அவள் அந்தக் கூட்டத்தின் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. கட்டைமேல் கிடந்த பத்திரிகைகளை அள்ளி அப்பாவின் மடியில் வைத்தாள்.

"படிங்க" என்றாள்.

"என்னத்துக்கு? நமக்கு ஏது ஓட்டு?"

"நமக்கு இல்லியா? நான்தான போடப்போறேன். எவன் எப்படின்னு எனக்குத் தெரிய வேணாமா? எனக்குப் படிக்கத் தெரியுமா என்ன?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது புகையினாலா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு மேலே இருந்த தாளை எடுத்துப் பிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் படித்தார், அம்மாவுக்காக. ஆண்களும் திரும்பி வந்தார்கள். அம்மா ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து, கீரையை ஆய்ந்துகொண்டே கேட்பாள். முன்பெல்லாம் அப்பா சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அம்மா தலையாட்டமாட்டாள். "நேத்து அவன் நல்லவன்னீங்க, இன்னிக்கி இல்லங்கறீங்க" என்பாள். அப்பா முதலில் எரிச்சல்பட்டார். பிறகு முந்தின நாள் தாளைத் தேடி எடுத்து, தான் சொன்னது சரிதானா என்று பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் அவள் கேட்டாள்: "இவங்கள்ல யாரு வந்தா வேலைக்குக் கஞ்சி கொண்டுபோக விடுவாங்க?"

அப்பா எல்லாத் தாள்களையும் புரட்டினார். சுதந்திரம் இருந்தது, மந்திரி சபை இருந்தது, பள்ளிக்கூடங்களைப் பற்றி நீள நீளமாக இருந்தது. கஞ்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. "போடலியே அஞ்சல" என்றார், தானே எழுத மறந்துவிட்டதுபோன்ற குரலில்.

அடுத்த ஞாயிறு இன்னொரு கட்சியின் வேட்பாளரே வந்தார். கேள்வி கேட்கச் சொன்னபோது அம்மா எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு ஓட்டு இருக்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "விடியக்கால போறோம், பகலுக்குத்தான் வர்றோம். வயித்துக்கு ஒண்ணும் கொண்டுபோக விடமாட்டேங்கறாங்க. நீங்க வந்தா விடுவீங்களா?"

வேட்பாளர் தன் பக்கத்தில் நின்ற போலீஸ் அதிகாரியைப் பார்த்தார். "அது பாதுகாப்பு விஷயம் அம்மா. ஆனாலும் பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

அன்று மாலை அப்பா 'பேசிப் பார்க்கிறேன்' என்ற இரண்டே சொற்களை வைத்து ஒரு மணி நேரம் பேசினார். யாரிடம் பேசுவார், எப்போது பேசுவார், முடியாது என்று சொல்லாததில் எவ்வளவு நம்பலாம் என்றெல்லாம். அவர் வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் அதுதான் சிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

தேர்தலன்று லோரி வந்தது. அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அப்பா வேலி வாசல்வரை வந்து, எந்தச் சின்னத்துக்கு நேரே கோடு போடவேண்டும் என்று மறுபடியும் சொன்னார். மதியம் திரும்பி வந்தவளிடம், "போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"யாருக்கு?"

"அத யாருட்டயும் சொல்லக்கூடாதாம். அங்க இருந்த கிராணி சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா சிரித்தார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்த அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் முதலில் சிரித்தது அன்றுதான்.

கஞ்சி உடனே வந்துவிடவில்லை. வெகுநாள் கழித்து எங்கள் வட்டாரத்தில் கெடுபிடி தளர்ந்தபோதுதான் சோதனை நின்றது. அது எந்த ஓட்டால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு பிரஜா உரிமைக்காக அப்பா சிரம்பானுக்கு இரண்டு முறை போய்வந்தார். காட்டக் காகிதம் இல்லாததால் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். பிரஜை அல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டோடுதான் செத்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அம்மாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினார். அவள் ஒவ்வொரு தடவையும் போய்ப் போட்டாள். ஒரு தடவையும் சொல்லவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. புகைக்கூடம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். என் வீட்டில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, எல்லோர் கைப்பேசியிலும் அரசியல் வந்து கொட்டுகிறது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்பது மட்டும் இல்லை. கடந்த தேர்தலில் சிரம்பானில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வேலியோரம் ஒரு கிழவர் தன் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயா, போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதும்மா, நான் சிவப்புக் கார்டு" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இந்தத் தடவ பாத்தீங்கன்னா..." என்று தொடங்கினார்.

என் மகன் காரில் காத்திருந்தான். இரண்டு முறை ஹாரன் அடித்தான். நான் அவனைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க ஐயா" என்றேன்.