முன்வரிசையில் ரெண்டு நாற்காலி

மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் ஒரு கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு முன்னால் உடையப்பன் வந்து உட்கார்ந்திருப்பார். சமையல்காரன் அப்போதுதான் அடுப்பை மூட்டிக்கொண்டிருப்பான். வாழை மரம் லாரியிலிருந்து இறங்கியிருக்காது. இவர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு, முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருப்பார். இளவட்டங்களுக்கு அது ஒரு வேடிக்கை. "என்னண்ணே, மண்டபத்தைக் கூட்டவா வந்தீங்க? இன்னும் ஐயரே வரலலா!" என்று சீண்டுவார்கள். அவரும் சிரித்துவைப்பார். காது குத்தோ கோயில் கூட்டமோ, எதுவானாலும் இதே கதைதான். மனுசன் பிறவியிலேயே அப்படி என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அட, அதுதான் இல்லை! நாற்பது வயசு நெருங்குகிற வரைக்கும் அந்த ஆள் எதற்குமே நேரத்துக்குப் போனவர் கிடையாது.

அவர் பிறந்து வளர்ந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே வருசா வருசம் தீமிதி முடிந்த மறுநாள் நாடகம் போடுவார்கள். தோட்டத்து நாடகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நோட்டீசில் ஏழு மணி என்றுதான் இருக்கும். ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் மேடையில் நாய் படுத்திருக்கும். சனங்கள் குளித்து, ஆக்கி, தின்று, பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்து வீடுகளிலிருந்து கிளம்பி வரவேண்டும். ஆபீசுக் கணக்கெழுதுகிற பெரிய கிராணி வரவேண்டும், அவர் சம்சாரம் வரவேண்டும். அதற்கப்புறம்தான் காஸ் விளக்கை ஏற்றுவார்கள். அந்த விளக்குக்கு உடையப்பன்தான் அதிகாரி. அவர் பம்பு அடித்து, உஸ்ஸென்று வெளிச்சம் வந்தால்தான் ராஜா திரைக்கு வெளியே காலை வைப்பார். பிறகு கோழி கூவுகிற வரைக்கும் நாடகம் ஓடும். நடுவில் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பினாலும், ராஜா அதே அரண்மனையில் இன்னும் புலம்பிக்கொண்டிருப்பார். "நான் வெளக்கு ஏத்தாம எந்த ராஜாடா மேடை ஏறினான்?" என்று உடையப்பன் கள்ளுக்கடையில் உட்கார்ந்து சவடால் அடிப்பார். அதில் பொய்யும் கிடையாது.

அந்த மேடையில் ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற காவலாளி வேசம் பிச்சைமுத்துவுக்கு. பிச்சைமுத்து, உடையப்பனின் மனைவி செல்லாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ராஜா வசனம் முழுக்க அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. விடிகாலையில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டே மரத்தைப் பார்த்து, "யாரங்கே!" என்று அதட்டுவார். பக்கத்து நிரையில் வெட்டுகிற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ராஜா வேசம் எப்போதும் கங்காணி மகன் ஜெயபாலனுக்குத்தான். பாதி வசனம் மறந்துபோய் அவன் திருதிருவென்று முழிக்கும்போது, பின்னால் ஈட்டியோடு நிற்கிற பிச்சைமுத்துதான் உதட்டை அசைக்காமல் எடுத்துக்கொடுப்பார். "அண்ணன் ஒரு நாளைக்காவது அந்தக் கிரீடத்த வச்சுப் பாக்கணும்ங்க" என்று செல்லாயி அப்போதே சொல்லுவாள். அது ஒன்றும் பெரிய ஆசை இல்லைதான். தோட்டத்தில் அதுவும் நடக்கவில்லை.

அறுபத்தொன்பது இனக்கலவரம் முடிந்த கையோடு சிவப்பு ஐசி, அதுதான் குடியுரிமை இல்லாதவர்களின் அடையாளக் கார்டு, வைத்திருந்தவர்களுக்குக் கஷ்டகாலம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் எடுக்கவேண்டும் என்றார்கள். செல்லாயிக்கு எப்படியோ குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்திருந்தது. பிச்சைமுத்துவுக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை, அலைந்து வாங்கித்தர ஆளும் இல்லை. கல்யாணம் காட்சி இல்லாத ஒற்றைக்கட்டை வேறு. ஒரு தகரப் பெட்டியோடு பினாங்கில் கப்பலேறி, கண்ணால் பார்த்தேயிராத இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். செல்லாயி துறைமுகத்தில் அழுத அழுகையை உடையப்பனால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அழுவாத புள்ள, நான் ஒன்ன ஒரு நாளு கூட்டிட்டுப் போயி ஒங்கண்ணன காட்டுறேன்" என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்து, ஒரு சீனர் பட்டறையில் இரும்பு ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். எட்டு வருசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, எழுபத்தெட்டில் சீனப் பெருநாள் லீவோடு இன்னும் சில வாரங்களை முதலாளி தவ்க்கேயிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, புருசனும் பெண்டாட்டியும் மெட்ராசுக்குக் கப்பலேறினார்கள்.

துறைமுகத்தில் பிச்சைமுத்து காத்துக்கொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். மரத்தொட்டியில் கூலி வேலை, சாயங்காலமானால் ஒரு நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேசம் என்று சொன்னார். அண்ணனும் தங்கச்சியும் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார்கள். அப்புறம் இவர்கள் பழனிக்குப் போய் முடியிறக்கி, சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மெட்ராசுக்குத் திரும்பும்போது கையில் ஒரே ஒரு சாயங்காலம்தான் மிச்சம். அதற்கு அடுத்த நாள் கப்பல்.

ராத்திரி இவர்கள் வந்து இறங்கியதும் லாட்ஜுக்கு வந்த பிச்சைமுத்து முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "நாளைக்கு எங்க நாடகம், மாப்ளே. யானைகவுனிப் பக்கம் கொட்டகை. ஆறரைக்கு. ஒங்களுக்குன்னு முன்வரிசையில ரெண்டு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன். தங்கச்சிய கூட்டிட்டு நேரத்தோட வந்துரு."

"என்ன மச்சான், இங்கயும் ஈட்டிதானா?" என்று உடையப்பன் கேட்டார்.

பிச்சைமுத்து வெறுமனே சிரித்தார். "வந்துதான் பாரேன்."

ஆறரை என்றால் ஆறரைதான், எட்டே முக்காலுக்கெல்லாம் திரை விழுந்துவிடும் என்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தோன்றவும் இல்லை, பாவம். எட்டு வருசத்தில் அவர் பட்டணத்து ஆளாகிவிட்டார். அங்கே கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய சனங்கள் நாடகம் பார்க்கிறார்கள். உடையப்பனோ இன்னும் காஸ் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள்.

மறுநாள் காலையில் டீ குடிக்கப் போன இடத்தில்தான் சனியன் சுவரில் ஒட்டியிருந்தது. தீவுத்திடல் பொருட்காட்சியில் அன்று சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி. சினிமாவில் பாடுகிறவர்களே நேரில் வந்து பாடுகிறார்களாம். உடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈப்போவில் ரேடியோவில் கேட்ட குரல்! பட்டறையில் போய்ச் சொன்னால் ஒருத்தனும் ஒரு வருசத்துக்குத் தன் வாயைத் திறக்க முடியாது. ஓடிப்போய் ரெண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

செல்லாயிக்கு யோசனையாக இருந்தது. "அண்ணன் ஆறரைன்னு சொன்னுச்சேங்க. பாட்டு வேணாமே, நாடகத்துக்கே போலாம்."

"அடி போடி இவளே! ஆறரைன்னா பத்துலா. எனக்குத் தெரியாத நாடகமா? இங்க பாட்ட கேட்டுட்டு, நல்லா சாப்ட்டுட்டுப் போனாக்கூட அப்பதான் பவுடர் பூசிக்கிட்டு இருப்பானுங்க. ரெண்டையும் பாத்துரலாம்."

நாடக விசயத்தில் அவர் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. அவளும் நம்பிவிட்டாள். பூ வாங்கி வைத்துக்கொண்டு கூடவே போனாள்.

கச்சேரி நன்றாகத்தான் இருந்தது, அதை என்னவென்று சொல்ல! உடையப்பன் தொடையில் தாளம் போட்டுப் போட்டுக் கையே சிவந்துவிட்டது. நடுவில் செல்லாயி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருடி, இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்றார். அந்த ஒரு பாட்டுக்கப்புறம் இன்னொரு பாட்டு வந்தது. அவள் திரும்பத் திரும்ப வாசல் பக்கமே பார்த்தாள். கடைசியில் எழுந்தே நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் கத்தவும்தான் அவரும் வேண்டாவெறுப்பாகக் கிளம்பினார். வழியில் ரிக்சாவை நிறுத்தி அண்ணனுக்கென்று கால் கிலோ அல்வா வேறு வாங்கினார். மனசில் ஒரு துளி பதற்றம் கிடையாது.

கொட்டகை வாசலில் ஒரு ஆள் விளம்பரத் தட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"நாடகம் இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று உடையப்பன் கேட்டார்.

அவன் ஏற இறங்கப் பார்த்தான். "ஆரம்பிக்கறதா? முடிஞ்சு ஜனமெல்லாம் வூட்டுக்குப் போயாச்சு சார்."

உடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் ரெண்டு மட்டும் அப்படியே கிடந்தன. ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். செல்லாயி இவருக்காக நிற்கவில்லை, மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

அங்கே ஒரு மரப்பெட்டி மேல் ராஜா உட்கார்ந்திருந்தார். ஜிகினா அங்கி, முத்து மாலை, தலையில் கிரீடம். பூசிய அரிதாரம் வேர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. பக்கத்தில் வாடகை உடுப்புக்காரன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "கழட்டுப்பா, எவ்ளோ நேரம்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ராஜா அவனைக் கையமர்த்தி உட்கார வைத்திருந்தார்.

"வந்துட்டியா தங்கச்சி" என்று எழுந்தார் பிச்சைமுத்து. "நீ பாக்கணுமேன்னுதான் கழட்டாம இருக்கேன். சாப்ட்டீங்களா?"

செல்லாயி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். "அண்ணே, நீயா ராஜா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். மலேசியாவுலேர்ந்து என் தங்கச்சி வந்திருக்குன்னு நாடக வாத்தியார் கால்ல விழாத குறையா கேட்டு வாங்கினேன்." பிறகு உடையப்பனைப் பார்த்தார். "வழி தெரியாம சுத்திட்டீங்களா மாப்ளே? எங்கயாச்சும் அடிகிடி பட்டுருச்சோன்னு பயந்துட்டேன். ஒங்க நாற்காலி காலியாவே இருந்துச்சா, வசனத்த அதுக்கிட்டயே சொல்லிட்டேன்."

உடையப்பன் கையில் அல்வாப் பொட்டலம் இருந்தது. வழி தவறிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் செல்லாயியே சொன்னாள், "ஆமாண்ணே, வழி தெரியல." அதைக் கேட்டபோதுதான் அவருக்கு முதன்முதலாக நெஞ்சு வலித்தது.

"ஒரு வசனம் சொல்லுண்ணே. ஒண்ணே ஒண்ணு."

பிச்சைமுத்து நிமிர்ந்து நின்றார், தொண்டையைச் செருமினார். குரல் வரவில்லை, கம்மிப்போயிருந்தது. உடுப்புக்காரன் கிரீடத்துக்குக் கையை நீட்டினான். "கத்திக் கத்தி தொண்ட போச்சு தங்கச்சி. அடுத்த தடவ வாரப்ப முழுசா சொல்றேன், சரியா?" என்றபடி கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கூரை, உடையப்பனுக்கு முதுகில் ஆப்பரேசன் என்று வருசங்கள் ஓடின. எண்பத்திரண்டில், இந்தியாவுக்குப் போய்வந்த பாரிட் புந்தார்க்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்து, மஞ்சள்காமாலையில் பிச்சைமுத்து போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செல்லாயி அழுதாள். ஆனால் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை! சட்டி பானையைப் போட்டு உடைத்திருந்தால்கூட உடையப்பனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கோயிலுக்குப் போனாள், கல்யாணத்துக்குப் போனாள். நாடகம், கச்சேரி என்று யாராவது கூப்பிட்டால் மட்டும், "நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். அவரும் போவார், எல்லாருக்கும் முன்னால் போவார், பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். அது காலியாகவே இருக்கும். ரேடியோவில் அந்தக் கச்சேரியில் கேட்ட குரல் வந்தால் எழுந்துபோய் நிறுத்திவிடுவார்.

எண்பத்தைந்தில் புந்தோங் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டார்கள். நோட்டீசில் ஆறரை என்றிருந்தது. உடையப்பன் ஆறு மணிக்கே போய்விட்டார். ஒரு ஈ காக்கை இல்லை. மேடையில் ரெண்டு பேர் விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் செல்லாயி.

"சோறு ஆறிப்போவுது. இங்க ஆறரைன்னா பத்துதானே. சாப்ட்டுட்டு வரலாம், வாங்க."

குத்திச் சொன்னாளா, சாதாரணமாகத்தான் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. ஏழு வருசத்துக்கப்புறம் அவர் சொன்ன சொல் அவரிடமே திரும்பி வந்திருந்தது. "நான் வரல புள்ள. நீ போ" என்றார். தலையைத் தூக்க முடியவில்லை.

அவள் போகவில்லை. கைக்குட்டையை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெறும் மேடையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அண்ணன் அன்னிக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கும்?"

உடையப்பன் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார். எத்தனை ராஜாக்களுக்கு விளக்கு ஏற்றியவர் அவர்.

"வலது பக்கம்" என்றார். "ராஜா எப்பவும் வலது பக்கந்தான் வருவாரு, செல்லாயி."

ரெண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.