ஐந்து குவாட்டர்பாக் வைத்திருந்தவன்

சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரைக்கு, எங்கள் வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் ஒரு முழங்காலுக்காகத் துக்கம் காத்தார்கள். முழங்கால் அங்கிருந்த எவருடையதும் அல்ல. அமெரிக்காவில் பந்தெறிகிற ஓர் இளைஞனுடையது. எங்கள் ஃபோர்மன் பென்ட் என்பவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் எடுத்த கறுப்புப் பாண் துண்டைக் கடிக்காமலே இருந்தார். அதற்கு முந்திய வருடம் அவருடைய தகப்பனார் இறந்தபோது மறுநாளே வேலைக்கு வந்தவர் அவர். அன்றைக்கு எல்லோரும் கவலையான விஷயம் என்று ஒரு தடவை சொன்னார்கள். பிறகு பாணில் பூசுகிற ஈரல் பேஸ்ட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிக் கேட்டார்கள். இந்த முழங்காலுக்கோ ஈரல் பேஸ்ட்டை ஒருவரும் தொடவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபான்டசி ஃபுட்போல் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. இதில் நீங்கள் ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் நிஜமாக விளையாடுகிறவர்களில் சிலரை உங்களுடையவர்கள் என்று கடதாசியில் பிரித்து எடுத்துக்கொள்வீர்கள். ஒருவர் எடுத்தவனை இன்னொருவர் எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அங்கே ஓடி விழுந்து எழும்புவதெல்லாம் இங்கே உங்களுக்குப் புள்ளிகளாக வந்து சேரும். ஒவ்வொரு வாரமும், சேர்ந்து விளையாடுகிற உங்கள் கூட்டணிக்குள் ஒருவரோடு உங்களுக்குப் போட்டி. அதிகம் புள்ளி தருகிறவன் குவாட்டர்பாக், அதாவது நடுவில் நின்று பந்தை எறிகிறவன். உலகத்தில் பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு ஒரு குவாட்டர்பாக்கை வைத்து விளையாடுகிறார்களாம். எங்கள் வேலைத்தலத்தில் இரண்டு பேரை இறக்க வேண்டும். இந்த ஒரு விதிதான் என்னைத் தூக்கியது; பிறகு போட்டு உடைத்ததும் அதுதான்.

நான் வேலை செய்வது கோபன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயில், சமையலறைச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற ஒரு களஞ்சியத்தில். பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறேன். அத்தனை வருடமும் சாப்பாட்டு மேசையின் ஓரத்துக் கதிரைதான் என்னுடையது. அதை யாரும் எனக்கு ஒதுக்கவில்லை, யாரும் என்னைத் தள்ளவுமில்லை. டென்மார்க்கில் ஒருவரும் தள்ள மாட்டார்கள். மெல்லமாக இடம் விட்டு உட்காருவார்கள், அவ்வளவுதான். சென்ற ஆவணியில் கூட்டணியில் ஒருவர் பென்சன் எடுத்துக்கொண்டு யூலண்ட் பக்கம் போய்விட்டார். பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் விளையாட்டு சரிவராதாம். பென்ட் என் கதிரைக்கு அருகில் வந்து, ஓர் ஆள் குறைகிறது, விருப்பமா என்று கேட்டார். தலையாட்டிய பிறகுதான் அது என்ன விளையாட்டு என்று விசாரித்தேன்.

தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. கூட்டணியின் கடைசிப் போட்டியை டிசம்பரில் ஒரு ஞாயிறு மாலை பென்டின் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது வழக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்தொன்பது வருடத்தில் ஒரு டெனிஷ்காரரின் வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கே ஹோல் எடுத்து முந்நூறு பேரைக் கூப்பிடுவார்கள்; அதில் பாதிப் பேரின் பெயர் தெரியாது. இவர்களுக்கு நான் கிறிஸ்மஸ் பலகாரம் கொடுத்திருக்கிறேன், அவர்களுடைய கார் பழுதான நாளில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். நன்றி சொல்லி, கைகாட்டி, கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தக் கதவுக்கு உட்புறம் என்ன நிறம் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காக அமெரிக்காவையே பாடமாக்கத் தயாரானேன்.

எனக்கு ஆசிரியர் என் மகள் அபி. இங்கே அல்பர்ட்ஸ்லுண்டில் பிறந்து, நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. அமெரிக்காவில் முப்பத்திரண்டு அணிகள், அணிக்கு ஒரு முதல் குவாட்டர்பாக் என்று சொல்லித் தந்தாள். நான் அன்றைக்கே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு என்றால் இருபத்துநான்கு. ஒவ்வோர் அணிக்கும் பருவத்தில் ஒரு வாரம் லீவு, அதற்கு மேல் காயங்கள். ஆகவே மூன்றாவதாக ஒருவன் கையிருப்பில் வேண்டும். அப்படியானால் முப்பத்தாறு. இருப்பதோ முப்பத்திரண்டு. கடதாசியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது விளையாட்டு இல்லை, தட்டுப்பாடு. தட்டுப்பாடு என்றால் எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, நெருப்புப்பெட்டி எதுவும் ஒழுங்காக வராது. கூப்பன் அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிட்டு, வரிசையில் கடைசியாக நின்றவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் அப்பா உள்ளே போய் நிற்பார். அந்த வரிசையில் நின்று நான் படித்த பாடம் ஒன்றுதான். தேவைப்படும்போது வாங்கலாம் என்று நினைக்கிறவன் இருட்டில் இருப்பான். அம்மா அதை இன்னும் நன்றாகப் படித்திருந்தார். எங்கள் அரிசிப் பானைக்குள் கையை விட்டால் சவர்க்காரக் கட்டி தட்டுப்படும். சோறு லேசாகச் சவர்க்காரம் மணக்கும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஆட்களைப் பிரித்து எடுக்கிற நாள் ஆவணி கடைசியில் வந்தது. வேலை முடிந்து சாப்பாட்டு அறையில் கோப்பியும் கேக்கும் வைத்து, முறை முறையாக ஒவ்வொருவரும் ஒருவனைச் சொல்ல வேண்டும். தட்டுப்பாடு என்ற சொல்லைப் புத்தகத்தில் மட்டும் கண்ட மனிதர்கள் எவ்வளவு அழகாகச் சாமான் வாங்குவார்கள் என்பதை அன்றைக்குக் கண்டேன். தங்களுக்குப் பிடித்த ஓட்டக்காரனை எடுத்தார்கள், பந்து பிடிக்கிறவனை எடுத்தார்கள், முகம் வடிவான ஒருவனைக் கூட எடுத்தார்கள். குவாட்டர்பாக் பிறகும் கிடைப்பான்தானே என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது. நான் முதல் சுற்றில் குவாட்டர்பாக் எடுத்தேன். இரண்டாம் சுற்றிலும் அதுவே. மூன்றாவதிலும் எடுத்தபோது யாரோ இருமினார். ஆறு சுற்று முடிய என்னிடம் ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேருக்கும் வெவ்வேறு வாரத்தில் லீவு. நெருக்கினால் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானே ஓடக்கூடியவர்களாகப் பார்த்து எடுத்திருந்தேன். அவர்களுக்கு ஓட்டத்துக்கும் புள்ளி உண்டு. சுற்றி வளைக்கப்பட்டால் ஓடத் தெரிந்தவனின் அருமை இடம்பெயர்ந்தவனுக்குத் தெரியாதா.

முதலில் சிரித்தார்கள். பிறகு நான் வாரா வாரம் வெல்லத் தொடங்கினேன். ஐப்பசியில் காயங்கள் வந்தன, லீவு வாரங்கள் வந்தன, மேசையில் ஒரு புது மரியாதையும் வந்தது. நேரப்பட்டியல் போடுகிற கியர்ஸ்டன்தான் கூட்டணியின் விதிகளுக்கும் பொறுப்பு. அவர் ஒருநாள் என் கதிரைக்கு நேர் எதிரில் வந்து உட்கார்ந்து, இத்தனை பேரை ஒருவர் வைத்திருப்பது மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா என்று மிகக் கனிவாகக் கேட்டார். நான் அதைக் கேள்வி என்று நினைத்து, ஓம், கஷ்டமாக இருக்கும், அதற்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று பதில் சொன்னேன். அது கேள்வி இல்லை, தீர்ப்பு என்று அபிதான் வீட்டில் விளங்கப்படுத்தினாள்.

அந்த முழங்கால் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பென்டின் இரண்டு குவாட்டர்பாக்கில் ஒருவனைப் பயிற்சியாளர் ஏற்கெனவே விளையாட விடாமல் வாங்கில் இருத்திவிட்டார். மற்றவன் முழங்கால் போய்ப் படுத்துவிட்டான். யாரும் எடுக்காமல் வெளியே ஒருவனும் மிச்சமில்லை. பென்ட் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். பாண் துண்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு எழும்பிப் போனார். எனக்கு அந்த முகம் பழக்கப்பட்ட முகம். வரிசையின் முடிவில் வெறும் போத்தலோடு நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களின் முகம் அது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிள்ளை பிறந்த அன்று, அவர் ஒன்றும் கேட்காமலே அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு மூன்று சவர்க்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு போனார். கடைக்குத் தெரியாமல் ஒளிப்பதும் அயலார் கேட்காமலே கொடுப்பதும் எங்கள் வீட்டில் ஒரே கைதான் செய்தது. அன்று பின்னேரம் நான் போனைத் திறந்து, என் மூன்றாவது குவாட்டர்பாக்கை பென்டுக்கு அனுப்பினேன். மெலிந்து உயர்ந்த பெடியன்; நான் அவனை நெடுவல் என்றுதான் கூப்பிடுவேன். பதிலுக்கு என்ன வேண்டும் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். பென்ட் அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். மனைவியிடம் சொன்னபோது, "நல்ல வேலை செய்தியள், அந்தாளும் பாவம்" என்றாள். நெடுவல் யார் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை கியர்ஸ்டன் கைமாற்றத்தை நிறுத்திவைத்தார். வெள்ளிக்கிழமை கூட்டம். டென்மார்க்கில் கூட்டம் என்றால் முதலில் பணிஸ் வெட்டி, வெண்ணெய் பூசி, வெளிச்சம் குறைந்த காலநிலையைப் பற்றிக் கதைத்து முடித்த பிறகுதான் கழுத்தில் கை வைப்பார்கள். இங்கே யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, ஃபெல்லஸ்கேபை, அதாவது நம் எல்லோரின் ஒற்றுமையைக் காப்பாற்றத்தான் பேசுகிறோம் என்று கியர்ஸ்டன் தொடங்கினார். பிறகு, பென்ட் என் ஃபோர்மன் என்பதையும், டிசம்பரில் எனக்கு ஒரு சனிக்கிழமையும் வேலை விழவில்லை என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பென்டின் கழுத்து சிவந்தது. இருபது வருடமாகக் கூட்டணி நடத்துகிற மனிதர், என்னால் லஞ்சம் வாங்கியவராக உட்கார்ந்திருந்தார்.

"அவரிட்ட ஒருத்தனும் இல்லை. என்னட்ட அஞ்சு பேர் இருக்கினம்," என்றேன் டெனிஷில்.

"சரி, உனக்கு என்ன கிடைக்குது?"

"ஒண்டும் இல்லை."

"அதுதான் பிரச்சினை," என்றார் கியர்ஸ்டன்.

பென்டைத் தவிர மற்றப் பத்துத் தலைகளும் ஆடின. ஐந்து பேரை வைத்திருந்தது அவர்களைக் கோபப்படுத்தியது. ஒருவனைச் சும்மா கொடுத்ததோ பயப்படுத்தியது. சனிக்கிழமை வேலைக்கு ஆட்களைத் தான் போன மாதமே தெரிவு செய்து கொடுத்ததாக பென்ட் மெல்லச் சொன்னார். வாக்கெடுப்பு நடந்தது. பெறுமதிக்குப் பெறுமதி வேண்டும் என்று தீர்மானித்து, பென்டிடமிருந்து ஒரு நல்ல ஓட்டக்காரனை என் தலையில் கட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொன்னது குறிப்பில் பதியப்பட்டது. அடுத்த வருடம் முதல் ஆளுக்கு மூன்று குவாட்டர்பாக்குக்கு மேல் கூடாது என்றும் விதி வந்தது. அடுத்த வருடம் என்று சொல்லும்போது ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பென்ட் என்னோடு வேலைக் கதை மட்டும் கதைத்தார். அந்தக் கதவு சாத்தியே கிடக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். விளையாட்டு மட்டும் நடந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்ன ஓட்டக்காரன் எனக்குப் புள்ளிகளைக் கொட்டினான். நெடுவல் பென்டைக் கிணற்றுக்குள் இருந்து தூக்கி எடுத்தான். கடைசிப் போட்டிக்கு மிஞ்சியது பென்டும் நானும். அந்த வாரம் பென்ட் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் என் பெயரும் இருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி, புரொண்பியில் ஒரு விலாசம், குடிப்பதை அவரவர் கொண்டு வரவும். பத்தொன்பது வருடம் காத்திருந்து கிடைத்த அழைப்பில் தண்ணீர் கூட நானே கொண்டுபோக வேண்டும். மனைவிக்கு அது மனசுக்கு ஒத்துவரவில்லை. "வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறதே?" என்று அறுபது ரோல்ஸ் பொரித்துத் தந்தாள்.

பன்னிரண்டு நிமிடம் முந்திப் போய்விட்டதால் குளிரில் வீட்டைச் சுற்றி நடந்தேன். ஐந்துக்கு மணியடித்தேன். கதவின் உட்புறம் வெள்ளை, வெளிப்புறமும் வெள்ளைதான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கும்போது பென்ட் ரோல்ஸ் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். ஒன்றை அங்கேயே நின்று சாப்பிட்டார். பிறகு, "அந்தக் கூட்டத்தில நான் இன்னும் சத்தமாப் பேசியிருக்க வேணும்," என்றார். நான் பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்றுதான் இருந்தது. என்னை நீளமான சோபாவின் நடுவில், தனக்குப் பக்கத்தில் இருத்தினார். இரண்டு பக்கமும் மனிதர்களின் தோள். ஓரம் என்று ஒன்று இல்லை. கண் கலங்கியது, ரோல்ஸ் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏழு மணிக்கு அமெரிக்காவில் விசில் ஊதினார்கள். திரையில் நெடுவல் வந்து நின்றான். நான் வென்றால் இந்த வீட்டில், இந்த மேசையில், வருகிற வருடம் முழுக்க என் பெயர் பேசப்படும். அதற்கு அவன் இன்று சறுக்க வேண்டும். அவன் பின்னுக்கு நடந்தான், நெருக்கினார்கள், குனிந்து தப்பினான், எறிந்தான். பந்து அவனுடைய ஆளின் கையில் போய் இறங்கியது. பார்த்தால் நான் எழும்பி நின்று கைதட்டுகிறேன். என் போனில் நான் தோற்கத் தொடங்கியிருந்தேன். அறையில் வேறு யாரும் தட்டவில்லை.

பென்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் இப்ப என்ர ஆள், தெரியும்தானே?" என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார்.

தெரியும் என்று சொல்லி உட்கார்ந்தேன். நெடுவல் மறுபடி பந்தை எடுக்க வந்தான். நான் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு பார்த்தேன்.