ஓவிட்டியின் ஆறு பற்கள்

ஓவிட்டிக்குக் கீழ்வரிசை முன்பற்கள் ஆறும் கிடையாது. எங்கள் லுவோ இனத்து ஆட்களில் அவர் வயதுக்காரர்கள் யாருக்குமே கிடையாது. சிறுவயதிலேயே பிடுங்கிவிடுவார்கள், அழாமல் உட்கார்ந்தவன் ஆண்பிள்ளை. வாய்ப்பூட்டு ஜன்னி வந்து தாடை இறுகினால் அந்தச் சந்து வழியாகக் கஞ்சி ஊட்டலாம் என்று காரணம் சொல்வார்கள். நாற்பது வருடம் தாதியாக இருந்தவள் சொல்கிறேன், அது மோசமான காரணமில்லை.

கிசுமு நகரத்துக்கு வெளியே நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் அவர் குழந்தைகள் வார்டு உதவியாள். யாரிடமும் வாய் திறக்காத பிள்ளைகள் அவர் கையால் மருந்து வாங்கிக்கொள்ளும்.

ஐம்பத்துநாலில் புதிய தலைமைத் தாதி இங்கிலாந்திலிருந்து வந்தாள். மிஸ் ஹார்க்ரோவ். அவள் கொண்டுவந்த புத்தகமொன்றில் ஓவிட்டியின் வாலிபப் படம் இருந்தது, வாய் நிறையச் சிரிப்போடு. முன்பு வேட்டைக்கு வந்து அதை எழுதிய வெள்ளைக்கார எழுத்தாளருக்கு ஓவிட்டி மூன்று மாதம் சமைத்துப் போட்டிருக்கிறார்.

"அவனைப் பிள்ளைங்க பக்கம் விடாதே," என்றாள், படத்தில் பல்லில்லாத வாயைக் காட்டி.

"அம்மா, பல்லெடுக்கறது எங்க வழக்கம். எங்கப்பாவுக்கும் பல் இல்ல."

"உங்கப்பா என்ன தின்னாருன்னு உனக்குத் தெரியுமா?"

பிணவறைக்கு மாற்றலாமே என்றேன். "அங்கயா!" என்று அலறினாள். துணி வெளுக்கும் கொட்டகைக்கு அனுப்பினாள். அங்கே எங்கள் ஆட்களே கேலியைத் தொடங்கிவிட்டார்கள்: "ஓவிட்டி, இன்னிக்கு யாரைக் கொழம்பு வெச்ச?"

அவர் என்னிடம் வந்தார். என் பிறந்த ஊரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். "கெம் ஊர்ப் பொண்ணே, அந்தப் பொஸ்தகத்துல என்னைப் பத்தி என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லு."

நோயாளியிடம் எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. முழுதும் சொன்னேன். மனித எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சப் பல்லைப் பிடுங்கிக்கொண்டானாம். காய்ச்சலில் கிடந்த எழுத்தாளரின் மேல் குனிந்து, எவ்வளவு கறி தேறும் என்று கணக்குப் பார்த்தானாம்.

"அந்தக் காய்ச்சல்ல அவன் பீயை நான்தான் அள்ளினேன். அது இல்லையா?"

"இல்ல."

கீழ் ஈறுகளில் விரலை ஓட்டினார். பிறகு, "பல்லு இருந்தா வார்டுக்குத் திரும்ப விடுவாளா?" என்றார். வேண்டாம், ஈறு புண்ணாகும் என்றேன். கேட்கவில்லை. காளையை விற்று, கடைத்தெருவில் பல் கட்டும் இந்தியரிடம் ஆறு பல் கட்டிக்கொண்டார். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினாளாம்: "யாருடா தம்பி நீ? இன்னும் பல்லெடுக்காத பையனுக்கு இந்த வீட்ல என்ன வேலை?"

மறுநாள் காலை சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வார்டு வாசலில் போய் நின்றார். மிஸ் ஹார்க்ரோவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். கட்டிலில் இருந்த ஒரு பிள்ளை அவரைக் கண்டு கையை நீட்டியது.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "கடிக்கவும் ஏற்பாடு பண்ணிட்டான்!"

மதியத்துக்குள் ஓவிட்டிக்கு வேலை போயிற்று. வேலைநீக்கச் சீட்டில் காரணம் எழுத வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: நோயாளிகளைப் பயமுறுத்தினார். எனக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

ஓவிட்டி சீட்டை என்னிடமே நீட்டினார். வாசித்தேன்.

"யாரு எழுதினது, கெம் ஊர்ப் பொண்ணே?"

"நான்தான்," என்றேன்.