நகராட்சி வரைந்த மாதா

எங்கள் வீடு திண்டிவனத்தில் மேட்டுத் தெருவும் குளத்துத் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் மேட்டுத் தெரு என்று இருக்கும். கரண்டு அட்டையில் குளத்துத் தெரு என்று இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எது சரி என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "போஸ்ட்மேனுக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இந்தச் சின்ன விஷயம் பிற்பாடு என் பையனைப் படுத்தும் என்று அப்போது தெரியாது.

வீட்டைச் சுற்றி மதில் சுவர். தெருவைப் பார்த்த பக்கம் நீளமானது. செம்மண் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர். மாமனார் கட்டும்போது வெளிப்பக்கம் மட்டும் சிமெண்டு பூசினார், உள்பக்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார், விட்டது விட்டதுதான். அதனால் தெருவுக்கு அது வழவழப்பான சுவர். எங்களுக்கு வெறும் செங்கல். மழைக்காலத்தில் உள்பக்கம் விரலால் கீறினால் மண் கொட்டும்.

வெளிப்பக்கம் யார் யாரோ எழுதுவார்கள். தேர்தலுக்கு வெகு நாள் முன்பே கட்சிக்காரர்கள் வந்து சுண்ணாம்பு அடித்து, இந்தச் சுவர் எங்களுக்கு என்று மூலையில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். எங்களைக் கேட்டதில்லை. அதைக் குற்றம் என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை. அப்புறம் பையன்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு நாள் 'மேட்டுத் தெரு கிங்ஸ்'. மறுநாள் அதை அடித்துவிட்டு 'குளத்துத் தெரு பசங்க'. பக்கத்தில் ஒரு கிரீடம், ஒரு கத்தி, ஒரு புலித்தலை. புலி நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நன்றாக வரைகிறவன் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர்.

ஒரு மாலை அந்த எழுத்துக்காகவே சண்டை வந்தது. குளத்துத் தெருப் பையன் ஒருவன் மேட்டுத் தெருப் பையன் கையை வெட்டிவிட்டான். சத்தம் கேட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவதற்குள் தெரு காலியாகிவிட்டது. சுவரில் எது பெயிண்ட், எது ரத்தம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

என் பையனுக்கு அப்போது இருபது வயது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் தினமும் போய் வேலை கற்றுக்கொண்டிருந்தான். சண்டை நடந்தபோது பஸ்சில் வந்துகொண்டிருந்ததாகச் சொன்னான். போலீஸ் அவனையும் கூப்பிட்டு விசாரித்தது.

"நீ எந்தத் தெரு?"

"ரெண்டும் சார்."

"நக்கலா?"

அவன் நக்கல் பண்ணவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைக்கும் போய் விசாரித்தார்கள். மறுநாள் கடைக்காரர் எனக்குப் போன் பண்ணினார். "பையன் மேல தப்பு சொல்லலம்மா. ஆனா போலீசு வந்துட்டுப் போன கடைன்னா கஸ்டமர் யோசிப்பான். கொஞ்ச நாளு போவட்டும்." கொஞ்ச நாள் போயிற்று. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. பையன் காலையில் எழுந்து, சாப்பிட்டு, தெருவில் போய் நிற்பான். யாரோடு நிற்கிறான் என்று பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். போனில் சொன்னேன். "செவுத்த ஒடைச்சி ஒரு ஷட்டரு போடு. சின்னதா செல்லு கடை வெச்சிக் குடு. உன் கண்ணு முன்னாடி இருப்பான்ல" என்றார். நான் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன நல்ல யோசனைகளில் அது ஒன்று. விழுப்புரத்தில் சாலை அகலப்படுத்த இடித்த ஒரு கடையின் பழைய ஷட்டரை அவரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுவரின் உள்பக்கம், கடை வரவேண்டிய இடத்தில், அதைச் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி லோடு ஏற்றப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நகராட்சி அதிகாரி, சப் இன்ஸ்பெக்டர், எங்கள் வார்டு கவுன்சிலர், கவுன்சிலரின் வீட்டுக்காரர். கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வீட்டுக்காரர்தான் பேசுவார். அது எங்களுக்குப் பழக்கம்.

சப் இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். "மொதல்ல செவுத்துல பேர எழுதுறான். அப்புறம் பேருக்காக அடிச்சிக்கிறான். எழுதுறதுக்கு எடமே குடுக்காதீங்க." கேமரா வைப்பதாகச் சொன்னார்கள். கேரம் போர்டு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கவுன்சிலர் வீட்டுக்காரர் எழுந்து, இது எதுவும் வேண்டாம், எல்லாச் சாமியையும் சுவரில் வரைந்துவிட்டால் எவனும் கை வைக்கமாட்டான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒன்றுக்குப் போகிற சுவர்களில் அப்படி வரைந்து எல்லாரும் பார்த்திருக்கிறோம். இங்கே கத்திக்கும் அதே மருந்து.

"மொத செவுரு நம்ம அக்கா செவுருதான். அக்கா, நீங்க இன்னா சொல்றீங்க?"

மைக்கை என்னிடம் நீட்டினார்கள். அங்கே கடை வரப்போகிறது, வேறு சுவர் பாருங்கள் என்று சொல்ல எழுந்தேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. "சரிங்க" என்றுதான் வந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

வரைய வந்தவர் நடுவில் பிள்ளையாரை வரைந்தார். அந்தக் கோடியில் பிறையும் மினாராவும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் என்பதால், எங்கள் வாசலை ஒட்டின பக்கம் மாதா. சரியாக ஷட்டர் வரவேண்டிய இடம். "ஒங்களுக்காகத்தாங்க்கா இந்தப் பக்கம் போட்டேன்" என்று சொன்னவரிடம் நான் டீ கொடுத்தேன். வேறென்ன செய்வது? மாதாவின் அங்கிக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்து மிச்சமான நீலம். முகத்தைச் செல்போனில் பார்த்துப் பார்த்து வரைந்தார். கடைசியில் 'இங்கே எழுதாதீர்' என்று மூன்று படத்துக்கும் கீழே எழுதினார்.

"மாதா நம்ம கவுன்சிலர் மாரியே கீறாங்கடா" என்றான் தெருவில் நின்ற ஒருவன்.

"சத்தமா சொல்லாத, அவரு வூட்டுக்காரரு வந்து மாதாவுக்குப் பதிலா பேசுவாரு" என்றான் இன்னொருவன்.

உள்ளே இருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சுவரில் யாரும் எழுதவில்லை. அது நிஜம். ஆனால் மேட்டுத் தெருப் பையன்கள் சாயங்காலமானால் வந்து பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றினார்கள், மாதாவுக்கு மெழுகுவத்தி வைத்தார்கள், அங்கேயே உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் போலீஸ் ஜீப் வந்தால் கலைந்து போவார்கள். இப்போது சாமி கும்பிடுகிறவர்களை எப்படி விரட்டுவது? ஜீப் மெதுவாகப் போகும், உள்ளேயிருந்து ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நகராட்சியில் வந்து படம் எடுத்துப் போனார்கள். திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். என் பையனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினுதாம்மா எனக்குப் புள்ள பொறந்துச்சி, என்னால முடியாது" என்று போய்விட்டார். அவர் இந்து. மாதா கோயில் பங்குச் சாமியாரைக் கேட்டேன். "மந்திரிச்ச சுரூபம் இல்லம்மா, வெறும் பெயிண்ட்டு. ஆனா நகராட்சி வரைஞ்சது, அவங்கள ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். நகராட்சியில், சாமி விஷயம், கவுன்சிலரைக் கேளுங்கள் என்றார்கள். கவுன்சிலர் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இன்னாக்கா, நீங்களே மாதா மேல கடப்பாரை வெக்கலாமா? நாளைக்கி ரெண்டு தெருவும் அடிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

அவர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. சாமியார் சொன்னதும் சரி. கொத்தனாரும் சரி. எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், என் பையன் தெருவில் உட்கார்ந்திருந்தான். நான் ஷட்டர் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் வெட்டின பையன் ஜாமீனில் வந்துவிட்டான் என்று பேச்சு அடிபட்டது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். காய்ந்த துணியை எடுக்கச் சுவரோரம் போனேன். அந்தப் பக்கம் மாதா முன்னால் மேட்டுத் தெருப் பையன்கள் பேசுவது கேட்டது.

"இன்னிக்கு ரயில்வே கேட்டு வழியாதான் வருவான்."

"இங்க வருவான், இங்கயே வெச்சிக்கலாம்."

"டேய், சாமி முன்னாடி வேணாம்டா. பாவம். கேட்டாண்டயே வெச்சிக்கலாம்."

"ஆமா மச்சான். இங்க வேணாம்."

பிறகு என் பையனைப் பெயர் சொல்லி ஒருவன் கேட்டான். "நீ வர்றியா, இல்ல நீ குளத்துத் தெருவா?"

அவன் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. யாரோ வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார்கள்.

சாமி சண்டையை நிறுத்தவில்லை, இடம்தான் மாற்றியிருக்கிறது என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. வெளியே ஓடிப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அத்தனை பையன்கள் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அவனுக்கும் அவமானம், அந்த வீம்பிலேயே போய்விடுவான். கையில் துணியோடு நின்றேன். எதிரே செங்கல். உள்பக்கம் மாதா இல்லை. இங்கே எழுதாதீர் என்றும் இல்லை. வெறும் செங்கல்தான்.

துணியைப் போட்டுவிட்டு, ஷட்டரைத் தள்ளி நகர்த்தினேன். அது பெரிய சத்தத்தோடு விழுந்தது. முருங்கைக்குக் குழி தோண்டின கடப்பாரை அங்கேயே இருந்தது. எடுத்துக் குத்தினேன். மண் சாந்துதானே, முதல் குத்திலேயே பொலபொலவென்று கொட்டியது. இரண்டு செங்கல் ஆடியது. மறுபடி குத்தினேன்.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் நின்றது.

"டேய், மாதா ஆடுறாங்கடா."

"பூமி அதிர்ச்சியா?"

"உள்ளருந்துடா. எவனோ உள்ள கீறான்."

சிமெண்டுப் பூச்சு ஒரு பாளமாக அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாக ஒருவன் கண் தெரிந்தது. அவன் பயந்து பின்னால் போனான். என் பையன் வாசல் வழியாக ஓடி வந்தான்.

"எம்மா, இன்னாம்மா பண்றீங்க?"

"கடை வெக்கணும்."

"இப்பவா?"

"இப்பதான்."

அவன் என்னையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். வாசலில் பையன்கள் கூடிவிட்டார்கள். கேட்டுக்கு நேரமாகிறது என்றான் ஒருவன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றான் இன்னொருவன். நான் யார் முகத்தையும் பார்க்காமல் குத்திக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். கடப்பாரை எங்கெங்கோ பட்டது.

என் பையன் அதைப் பிடுங்கினான். நிறுத்தத்தான் பிடுங்குகிறான் என்று நினைத்தேன்.

"இப்டி நடுவுல குத்தினா செவுரு மொத்தமா மேல வுழுந்துடும்மா. மேலருந்து எடுக்கணும். தள்ளுங்க."

அவன் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்தான். நான் கீழே விழுந்ததைப் பொறுக்கி அடுக்கினேன். பையன்களில் இருவர் வந்து கை கொடுத்தார்கள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வண்டியில் போனார்கள். மாதாவின் முகம் வந்தபோது என் பையன் அந்தச் செங்கற்களைக் கீழே போடாமல் கையில் கொடுத்தான்.

யார் தகவல் சொன்னார்களோ, ரயில்வே கேட்டில் போலீஸ் முன்கூட்டியே நின்றிருந்தது. போனவர்களில் இரண்டு பேரைப் பிடித்து விழுப்புரம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் அம்மாக்களை எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் இப்போது அவர்கள் என்னோடு பேசுவதில்லை. நான் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களா, மாதாவை இடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறார்களா, தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

கவுன்சிலர் வீட்டுக்காரர் மறுநாள் வந்து சத்தம் போட்டார். பிறகு என் பையன் ஷட்டரை நிமிர்த்தி மாட்டுவதைப் பார்த்துவிட்டு, மாதாவை வரைந்த அதே ஆளை அனுப்பினார். இப்போது மாதா ஷட்டர் மேல் இருக்கிறார். காலையில் பையன் கடை திறந்தால் மாதா சுருண்டு மேலே போய்விடுவார். மூடினால் இறங்கி வருவார். முகம் இந்தத் தடவையும் கவுன்சிலர் மாதிரிதான். சப் இன்ஸ்பெக்டர் தன் போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது, "பாத்தியாம்மா, நம்ம ஸ்கீம்னாலதான் பையன் கடை வெச்சி உக்காந்துகினு கீறான்" என்றார். சரிங்க என்றேன்.

ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே பையனிடம் கேட்டேன். "அன்னிக்கி அவங்க வர்றியான்னு கேட்டப்ப நீ இன்னா சொன்ன?"

"எதும்மா?"

"கேட்டுக்கு."

அவன் தட்டைப் பார்த்தான். "நான் போவ மாட்டேன்னுதான் இருந்தேன். நீங்கதான் அதுக்குள்ள செவுத்த இடிச்சிட்டீங்க."

அப்படியானால் நான் இடித்தது எதற்கு? அவன் நிஜத்தைச் சொல்கிறானா, எனக்காகச் சொல்கிறானா? அவனைப் பார்த்தால் இரண்டும்போல் இருக்கிறது. நான் இன்னொரு தோசையைத் தட்டில் போட்டேன். அவன் சாப்பிட்டுவிட்டுப் போய் ஷட்டரைத் தூக்கினான்.

பழைய மாதாவின் செங்கற்கள் துணி துவைக்கிற கல் பக்கத்தில் அடுக்கியபடியே இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சிமெண்டோடு ஒட்டின நீலம். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்குவதா, உள்ளே வைத்து அடுக்குவதா என்று அன்றைக்கு இருட்டில் தெரியாமல் கலந்து அடுக்கிவிட்டேன். இன்னும் மாற்றவில்லை.